என் பக்கம் இன்னும் கொஞ்சம்

கிட்டாரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூட்டுக்காரர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வாடகை நாற்காலிகளை இரண்டு ஆட்கள் உள்ளே கொண்டுவந்து விரித்துப் போட்டார்கள். கூடத்தின் நடுவில், சன்னலுக்கு நேராக, அக்காவைக் கிடத்தியிருந்தது. வருகிற பெண்கள் உட்கார அக்காவின் அறையை ஒழிக்க வேண்டும், கட்டில்மேல் கிடப்பதை முதலில் எடுங்கள் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அண்ணி சொன்னால் சொன்னதுதான். அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் சமையலறை டப்பாக்கள்கூட அவள் சொன்ன இடத்தில் நிற்கப் பழகிவிட்டன.

தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுபோகிறவர் மாதிரி அவர் அதைச் சுமந்தார். கிட்டாரின் தலைப்பக்கம் யார் மேலும் இடித்துவிடக் கூடாது. ஆறு கம்பி இருக்க வேண்டிய கிட்டாரில் ஒரே ஒரு கம்பிதான் இருந்தது, ஐந்தாவது. தலையின் இரண்டு ஓரங்களிலும், கம்பிகளை இறுக்கித் தளர்த்துகிற ஆறு சாவிகளும் புத்தம் புதிதாக நீட்டிக்கொண்டிருந்தன. கடைகளில் அதை என்ன பேர் சொல்லி விற்றாலும் அந்த வீட்டில் அதற்குச் சாவி என்றுதான் பேர். திருப்புகிற எதுவும் பூட்டுக்காரருக்குச் சாவிதான். அக்கா ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே பழக்கமாகிவிட்டது.

அந்த ஐந்தாவது சாவியை யாரும் தொட்டுவிடக் கூடாது. விடிந்ததிலிருந்து அவர் மனதில் இருந்தது அது ஒன்றுதான். அக்கா போய்விட்டாள் என்பதுகூட அதற்குப் பின்னால் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

பீரோவின் மேல் வைக்கலாமென்றால் அங்கே யாரோ பையை வைத்திருந்தார்கள். சமையலறையில் அடுப்புச் சூடு. அவருடைய அறையில் பெரியண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு, யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வாசலை ஒட்டிய கடை அறைக்கே கொண்டுபோனார். இன்னும் பல் வெட்டாத சாவிக்கட்டைகள் தொங்கும் பலகைக்குக் கீழே, பழைய துணிகளைக் குவித்து அதன்மேல் மல்லாக்கக் கிடத்தினார். சாவி சுவரைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தரம் குனிந்து பார்த்தார். பிறகு அறையைப் பூட்ட வேண்டும் என்று தோன்றியது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டுக் கொடுத்த மனுஷருக்குத் தன் கடை அறையின் உள்கதவுக்குப் போட ஒரு பூட்டைத் தேட வேண்டியிருந்தது. இதுநாள்வரை அந்தக் கதவை அவர் பூட்டியதில்லை.

தெருவுக்கு அக்கா டீச்சர். கிட்டார் கற்றுக்கொடுத்த டீச்சர். தலை நரைக்கிறவரை பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருந்தும், கடைக்கு வருகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் இவர் டீச்சர் தம்பிதான். கல்யாணம் இரண்டு பேருக்குமே கூடிவரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியண்ணனுக்கு வெளியூரில் வேலை, வெளியூரிலேயே வீடு. இங்கே இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

சில வருஷங்களாக அக்காவுக்கு விரல் கணுக்கள் வீங்கிப்போய்விட்டன. வாசிக்க முடிந்தது, மெதுவாக. சாவியைத் திருப்ப முடியவில்லை. அந்தச் சின்னக் குமிழைப் பிடித்து அழுத்தித் திருப்புவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் திருப்புகிற வேலை தம்பிக்கு வந்தது. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால், அவள் நாற்காலியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இவர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். அவள் கம்பியை மீட்டுவாள், இவர் சாவியைத் திருப்புவார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பூட்டுக்காரருக்குச் சங்கீதம் சுத்தமாக ஏறாது. பூட்டுக்குள் லீவர் விழுகிற சத்தம் அடுத்த அறையிலிருந்தும் அவருக்குக் கேட்கும். ஒரு கம்பி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஏத்து, இறக்கு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். எதை ஏற்றுவது, எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும் என்பது அவருக்குத் தினமும் புதிதாக இருந்தது. ஒரு நாள் கம்பி அறுந்து அவள் கன்னத்தில் அடித்தது. அன்றைக்குத்தான் அவள் வேறு பாஷை கண்டுபிடித்தாள். கம்பி இறுக வேண்டுமென்றால் 'என் பக்கம்'. தளர வேண்டுமென்றால் 'உன் பக்கம்'. எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால் வந்த பேச்சு. பிறகு யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அதுவே நிலைத்துவிட்டது. இறுக்குவது அக்கா பக்கம், தளர்த்துவது தம்பி பக்கம். வீட்டில் மற்ற விஷயங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன.

சரியான இடம் வந்ததும் அவள் 'போதும்' என்பாள். உடனே கையை எடுத்துவிட வேண்டும். அந்தச் சொல்லை அவள் வேறு எதற்கும் செலவழித்து அவர் கேட்டதில்லை. சோறு போடும்போது கையைக் குறுக்கே நீட்டுவாள். பேச்சு பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவாள். போதும் என்றால் அது கம்பிக்குத்தான்.

பழைய சாவிகளுக்கு வயதாகிவிட்டது. பல் தேய்ந்து, மூன்றாவது சாவி பாட்டின் நடுவிலேயே நழுவ ஆரம்பித்தது. பூட்டுக்காரர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். பழைய டூத் பிரஷ்ஷால் பல் இடுக்கிலிருந்த அழுக்கைத் தேய்த்து எடுத்தார், நடுத் திருகாணியை இறுக்கினார், ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு வைத்தார். எண்ணெய் என்றால் அவருக்குக் கொஞ்சம் தாராளம். மரத்தில் ஒரு சொட்டுப் பட்டாலும் உன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பாள். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணெயும் உதவவில்லை. புதுச் சாவிகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அவை வந்து சேர்ந்தபோது அக்கா படுக்கையில் இருந்தாள். இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டிருந்தார்.

நேற்றுக் காலையில் அவளாகவே கேட்டாள்.

"சாவி வந்துடுச்சில்ல? போட்டுடுடா. கேக்கணும்."

இந்த நிலைமையில் இது என்ன வேலை என்று அண்ணிக்குத் தாங்கவில்லை. சீக்காளியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு யாராவது ராவிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருப்பார்களா என்று கேட்டாள். அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

கட்டிலை ஒட்டி முக்காலியைப் போட்டு, மடியில் துண்டை விரித்து, கிட்டாரின் கழுத்துக்கு அக்காவின் தலையணை ஒன்றைக் கொடுத்து, அவர் வேலையை ஆரம்பித்தார். பழைய தகடுகளைக் கழற்றும்போது ஒரு திருகாணி மக்கர் செய்தது. தலை மழுங்கிப்போய்த் திருப்புளி வழுக்கியது. ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடுபண்ணி அதன் தலையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்ததும் இளகிக் கொடுத்தது. புதுச் சாவியின் உருளைகள் பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி ஓட்டைகளை மெல்ல மெல்ல அகலப்படுத்தினார். பழைய திருகாணி ஓட்டைகளில் தீக்குச்சியைச் சீவிப் பசை தொட்டுச் செருகினார். புதுத் திருகாணிகளைச் சோப்பில் ஒரு குத்துக் குத்தி எடுத்தால் மரத்தில் உடையாமல் இறங்கும். அது அவருடைய தொழில் ரகசியம். அக்கா கண்ணை மூடியபடியே ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உப்புத்தாள் சத்தம் நீண்டுகொண்டே போனபோது மட்டும், ஓட்டை போடச் சொன்னால் சன்னல் வைக்கிறாயா என்று முனகினாள்.

பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது. இடது பக்கத் தகட்டை வலது பக்கத்திலும் வலது பக்கத்துடையதை இடது பக்கத்திலும் வைத்து முடுக்கிவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பூட்டுக்காரர் புத்தி வேறு. ஆறாவது கம்பியை மாட்டித் திருப்பிப் பார்த்தார், வலப்பக்கம் திருப்ப இறுகியது, பூட்டு மாதிரி இறுகுகிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டார். அக்கா 'என் பக்கம்' என்றதும் பழகின கைக்குத் தோன்றியபடி திருப்பினார். கம்பி தொளதொளவென்று தளர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"மாத்திப் போட்டிருக்கேடா."

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. சாயந்திரம் ஆகிவிட்டது. அந்தத் தப்பு இல்லாவிட்டால் ஆறு கம்பியையும் அவள் கேட்டிருப்பாள்.

மறுபடி மாட்டி முடித்ததும் ஆறாவது கம்பியிலிருந்து வரிசையாக ஆரம்பிக்கலாம் என்று எடுத்தார். அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஐந்தாவதை முதலில் போடு, மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் என்றாள். ஐந்தாவதின் சத்தம் அவளுக்குத் தலைக்குள்ளேயே இருந்தது. காலையில் எழுந்ததும் எதையும் கேட்காமல் அதை மட்டும் வாய்க்குள் முனகிவிட்டு, அதற்குக் கம்பியைச் சேர்த்துவிடுவாள். அவர் அதை மாட்டி, மீட்டி, சாவியில் கையை வைத்தார். கட்டிலின் அந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்து அக்காவுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் பக்கம்," என்றாள் அக்கா.

திருப்பினார், மீட்டினார்.

"இன்னும்."

அண்ணி ஒரு ஸ்பூன் வைத்தாள். அக்கா விழுங்கினாள். அவர் திருப்பினார், மீட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு மட்டும் வந்து போனது.

"என் பக்கம் இன்னும் கொஞ்சம்."

ஒரு மயிரிழை திருப்பினார். மீட்டினார். அந்தப் பக்கம் அண்ணியின் ஸ்பூன் மறுபடி உதட்டருகே போனது.

"போதும்."

அண்ணியின் ஸ்பூன் நின்றது. இவருடைய கையும் நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் அவள் பேசவில்லை. நான்காவது கம்பியை உறையிலிருந்து உருவி, முனையைச் சரிபண்ணிக்கொண்டு, இவள் கண்ணைத் திறக்கட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போட எழுந்தபோது அண்ணி மெதுவாக, "தம்பி," என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

இப்போது கூடத்தில் அண்ணி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது விஷயம் சின்னதாகத்தான் இருந்தது: தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன், போதும் என்றாள், அதுதான் கடைசி. வெயில் ஏற ஏற அது வளர்ந்தது. 'போதும் அண்ணி' என்று ஆனது. அப்புறம் அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியண்ணன் தன் பழைய ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னபோது, எல்லாம் போதும், நான் கிளம்புகிறேன் என்று அவள் நல்ல நினைவோடு விடைபெற்றுக்கொண்டதாகவே ஆகிவிட்டது. அண்ணி பொய் சொல்கிறவள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னதில் அதுவாகவே நீண்டுகொண்டது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தலையை ஆட்டினார்கள். பாவம், அலுத்துப்போயிருப்பாள் என்றார்கள்.

பூட்டுக்காரர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல் கம்பிக்குச் சொன்னது என்றால், அக்காவின் கடைசிப் பேச்சு அவரோடு. தினமும் காலையில் பேசிய அதே பேச்சு. உயிருக்குச் சொன்னது என்றால், இத்தனை வருஷம் கூடவே இருந்த வாழ்க்கையைத்தான் அவள் போதும் என்று தள்ளியிருக்கிறாள். அதில் அவரும் அடக்கம். தண்ணீருக்குச் சொன்னது என்றால் அது யாருக்கும் இல்லை. கை தூக்க முடியாதவள், ஸ்பூனை எப்படித் தடுப்பாள்? வாயால்தானே சொல்ல வேண்டும்? அது கம்பிக்குத்தான் என்று ஒரு நேரம் அடித்துச் சொல்லத் தோன்றியது. அடுத்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. யாருக்குச் சொன்னாள் என்று மட்டும் தெரிந்தால் போதும், மற்றதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

பெரியண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நிம்மதியா போனாடா. போதும்னு சொல்லிட்டுப் போறது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"அண்ணே, அது கம்பிக்குச் சொன்னது."

பெரியண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். தோளில் கை வைத்தார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. தூக்கும்போது அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அக்கா கனக்கவே இல்லை. எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சன்னலுக்கு நேராக இடம் வெறிச்சென்று இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லோரும் நடந்தார்கள்.

காலையில் துக்கத்துக்கு வந்து போன மருந்துக்கடைக்காரர் சாயந்திரம் மறுபடி வந்தார். அக்காவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் அவர்தான். மிக மோசமாக வாசிப்பவரும் அவர்தான். காது தங்கம், கை தகரம் என்று அக்கா அவர் முன்னாலேயே சொல்லுவாள். அவரும் அதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத் தப்பாகவே வாசிப்பார். கடையைச் சாத்திவிட்டு நேரே வந்திருந்தார், சட்டையில் மருந்து வாடை அடித்தது. கிட்டாரை ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் பூட்டுக்காரர் மறுத்திருப்பார். அந்தத் தங்கக் காது தனியாகக் கிடைக்குமா என்று அவர் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை.

கடை அறையைத் திறந்து விளக்கைப் போட்டார். மருந்துக்கடைக்காரர் குனிந்து, புதுச் சாவிகளைப் பார்த்து, நேர்த்தியாக உட்கார்ந்திருக்கிறது என்றார். பிறகு ஒற்றை விரலால் ஐந்தாவது கம்பியை மீட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இறங்கியிருக்குண்ணே."

"நேத்து சாயந்திரம் சரியா இருந்திருக்குமா?"

எதற்காகக் கேட்கிறார் என்று மருந்துக்கடைக்காரருக்குப் புரியவில்லை. பூட்டுக்காரர் முழுவதையும் சொன்னார். தகட்டை மாற்றி மாட்டியதை, ஸ்பூனை, என் பக்கம் உன் பக்கம் என்பதை, எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. அவள் போதும் என்றபோது கம்பி சரியான இடத்தில் இருந்தது என்றால் அது கம்பிக்குச் சொன்னது, இல்லையென்றால் இல்லை. அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கம்பிண்ணே. நாலஞ்சு நாளைக்கு அதுபாட்டுக்கு நீண்டுக்கிட்டேதான் இருக்கும். நேத்து சரியா இருந்திருந்தாலும் இன்னைக்கு இப்படித்தான் இறங்கியிருக்கும். சரியில்லாம இருந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"உங்க காதாலயும்?"

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம். டீச்சர் கம்பிய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வாய் வரல."

பிறகு மருந்துக்கடைக்காரர் போனை எடுத்தார். இதில் சுருதி பார்க்கிற ஆப் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறவரை திருப்பினால் போதும், கம்பி சரியாகிவிடும், நானே ஏற்றிவைத்துவிட்டுப் போகிறேன் என்று சாவியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க."

குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். பூட்டுக்காரர் குனிந்து சாவியின் குமிழைக் காட்டினார். மற்ற ஐந்தும் ஒரே நேராக நிற்க, அது மட்டும் லேசாகச் சாய்ந்து நின்றது.

"அவ சொன்னப்ப எப்படி நின்னுச்சோ, அப்படியே நிக்குது. காலையிலிருந்து யாரையும் தொட விடல."

"சாவி நிக்குதுண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர். "கம்பி நிக்கலையே."

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடை முக்காலியில் உட்கார்ந்த பூட்டுக்காரர் வெகுநேரம் எழவில்லை. அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உள்ளே அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குள் அடங்குகிற மாதிரி அழுதார்.

மறுநாள் காலையில், காரியத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பெரியண்ணனும் அண்ணியும் கிளம்பினார்கள். கூடவே வந்துவிடு, ஒற்றை ஆளாக இங்கே என்ன செய்வாய் என்று பெரியண்ணன் கேட்டார். கடை இருக்கிறது என்றார் இவர். பெரியண்ணனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அண்ணி சமையலறையில் எது எது எங்கே இருக்கிறது என்று காட்டினாள், அவருடைய வீட்டையே அவருக்கு. செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு திரும்பி வந்தாள்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரிகூட இருக்கலாம். நான் தண்ணிதான் பாத்துட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னது உதவியா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றார்.

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. வழக்கமாக அக்கா கூப்பிடுகிற நேரம். வீட்டுக்குள் போனார், சும்மா நின்றார், தண்ணீர் குடித்தார். பிறகு கடை அறைக்குப் போய்க் கிட்டாரை அக்காவின் அறைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். அவளுடைய நாற்காலியில் அதைச் சாய்த்து வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

கம்பியை மீட்டினார். அதில் ஏற்றமோ இறக்கமோ அவருக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஆனாலும் அது இறங்கியிருக்கிறது, ராத்திரியில் இன்னும் இறங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். இறங்கின கம்பியை அக்கா ஒரு நாளும் அப்படியே விட்டதில்லை. ஒரு தரம் சாப்பாட்டின் நடுவில் இருந்தவரைக் கையைக் கழுவ வைத்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார்த்தியிருக்கிறாள். சாவி அவள் விட்ட இடத்தில் நிற்பதில் அவருக்குத்தான் ஆறுதல். அவள் பார்த்தால் திட்டுவாள்.

சாய்ந்து நின்ற குமிழை அவர் இரண்டு விரலால் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அவள் பக்கம் திருப்பினார்.

மீட்டினார். நாற்காலியைப் பார்த்தார். அவள் சொல்வதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். குமிழ் இப்போது வேறு ஒரு சாய்வில் நின்றது. முந்தாநாள் எப்படி நின்றது என்று காட்ட இனி எதுவும் இல்லை. மீட்டினார், காத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மயிரிழை திருப்பினார். மீட்டினார். சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தார்.

"போதும்," என்றார்.

குமிழிலிருந்து கையை எடுத்தார். அறையை ஒழித்தபோது அண்ணி சன்னல் திட்டில் எடுத்து வைத்த துண்டின்மேல், நான்காவது கம்பி முந்தாநாள் உருவியபடியே சுருண்டு கிடந்தது. அதை எடுத்து, முனையை நீவிவிட்டு, உருளையின் ஓட்டைக்குள் நுழைத்தார்.